காய்ந்தால் முளைக்காது

குற்றாலத்தில் சாரல் பிடித்த சில நாட்களிலேயே, பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் பழக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிடும். கருஞ்சிவப்பு மங்குஸ்தான், முடி முளைத்த ரம்புட்டான், முள் துரியன், மஞ்சள் முட்டைப்பழம், பலாச்சுளை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவர்கள் அங்கேயே நின்று, மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தி உடைத்து, வெள்ளைச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். குற்றாலத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்தக் கடைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் மலேயா, இந்தோனேசியப் பகுதிகளின் மழைக்காடுகளில் பிறந்தவை. தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, பனையும் உடைமரமும் நிற்கிற சமவெளியின் ஓரத்தில் அவை ஆண்டுதோறும் காய்த்துத் தள்ளுகின்றன.

இதற்கு முதல் காரணம் மலையில் இருக்கும் ஒரு சந்து. ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மதில் போல மறித்துக்கொள்கிறது. மழை அந்தப் பக்கம் கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வெறும் காற்றுதான். ஆனால் ஆரியங்காவுக்கும் செங்கோட்டைக்கும் நடுவே மலை தாழ்ந்து வழிவிடுகிறது. 1904இல் கொல்லத்துக்கு ரயில் பாதை போட்டவர்களும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். ரயில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே மேகம் இதே வழியாக வந்துகொண்டிருக்கிறது. வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும் அந்த மூன்று மாதத்தில், குற்றாலத்துத் திரிகூட மலைச் சரிவில் மண் காய்வதே இல்லை.

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வகை உணவு பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். தென்காசிக்குக் கிழக்கே போனால் காய்ந்த பொருள்களின் சமையல். தோல் உளுந்தைப் போட்டு வடிக்கிற உளுந்தஞ்சோறு, அதற்கு எள்ளுத் துவையல், வற்றல் குழம்பு, கருப்பட்டிக் காப்பி. உளுந்து, எள், மிளகாய் வற்றல், புளி, கருப்பட்டி, நெல் எல்லாமே வெயிலில் காய்ந்து, பானையிலும் மூட்டையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியவை. மேற்கே மலையேறினால் காத்திருக்கிற பழம் ஒன்றும் இல்லை. இன்று பறித்தால் இன்றோ நாளையோ சாப்பிட்டாக வேண்டும். இந்த வேறுபாடு சமையல்காரர் கையில் தொடங்கவில்லை, விதைக்குள் தொடங்குகிறது.

நெல்மணி முற்றும்போது தன் ஈரத்தைத் தானே வெளியேற்றுகிறது. செல்களுக்குள் சில சர்க்கரைகளும் புரதங்களும் சேர்ந்து, உள்ளிருப்பதையெல்லாம் கண்ணாடிபோல உறையவைத்துக் காக்கின்றன. உயிர் நின்றுவிடவில்லை, ஆனால் ஏறக்குறைய நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. 12, 13 சதவீத ஈரத்தோடு குதிரில் கிடக்கும் அந்த மணி, அடுத்த ஆடியில் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். இஸ்ரேலின் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை 2005இல் முளைத்தது. காய்ந்து தூங்கத் தெரிந்த விதையால் அவ்வளவு தூரம் போக முடியும்.

மங்குஸ்தான் விதைக்கு அந்தத் தூக்கம் தெரியாது. ரம்புட்டானுக்கும் துரியனுக்கும் பலாவுக்கும் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும்கூடத் தெரியாது. அவை மரத்திலிருந்து விழும்போதே நிறைய ஈரத்தோடும் மூச்சோடும் விழுகின்றன. கீழே மண்ணும் ஈரம், மேலே நிழலும் ஈரம். அடுத்த மழைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாத காட்டில் உருவான விதைகள் அவை. விழுந்த சில நாட்களில் முளைவிடும். அந்த நாட்களுக்குள் காய்ந்துபோனால் செத்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் செத்துவிடும். விதைகளை இப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1973இல் ஈ. எச். ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி தொடங்கிவைத்தார். பசுமைமாறா மழைக்காட்டு மரங்களில், ஆராய்ந்து பார்த்தவரை, ஏறக்குறைய பாதி இந்தக் காயாத கூட்டத்தைச் சேர்ந்தவை. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் உறைபனிக்குள் திறக்கப்பட்ட உலக விதைக் களஞ்சியத்தில் நெல்லுக்கும் கோதுமைக்கும் இடம் உண்டு. மங்குஸ்தானுக்கு இல்லை. வைத்தாலும் பயனில்லை. அதைக் காப்பாற்றும் எளிய வழி, மரமாகவே நிற்கவைப்பதுதான்.

நம் வீடுகளில் பாட்டிமார்களுக்கு இந்தச் சங்கதி வேறு வழியில் தெரிந்திருந்தது. பயறையும் உளுந்தையும் வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பவர்கள், பலாக்கொட்டையை மட்டும் ஈர மணலிலோ செம்மண்ணிலோ புதைத்துவைப்பார்கள். அவியலுக்கும் புளிக்குழம்புக்கும் வேண்டும்போது தோண்டி எடுப்பார்கள். காய்ந்தால் கொட்டை சுருங்கிக் கடினமாகிவிடும், மணலுக்குள் இருந்தால் மாவுத்தன்மை கெடாது. காயும் விதைக்கு ஒரு முறை, காயாத விதைக்கு ஒரு முறை. ஆய்வுக்கூடத்துக்கு முன்பே அடுக்களையில் செய்த வகைப்பாடு இது, அதைச் செய்தவர்களுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

மங்குஸ்தானைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் தோட்டங்களில் வளர்க்கும் மங்குஸ்தான் மரங்கள் எல்லாமே பெண் மரங்கள். பூ பூக்கும், மகரந்தம் வந்து சேராமலே காய் பிடிக்கும். சுளைக்குள் இருக்கும் விதையும் தாயின் திசுவிலிருந்தே உருவாகிறது, தந்தை என்று யாரும் இல்லை. எனவே விதையிலிருந்து வளரும் கன்று பெரும்பாலும் தாயின் நேர் பிரதி. குற்றாலத்தில் தின்னும் பழமும் பாங்காக்கில் தின்னும் பழமும் சுவையில் அவ்வளவு ஒத்திருப்பதற்கு இதுதான் காரணம். பழத்தின் அடிப்புறத்தில் சின்னப் பூப்போல ஒரு முத்திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகளிடம் உடைப்பதற்கு முன்பே எண்ணச் சொல்லுங்கள்.

காய்ந்தால் செத்துவிடும் விதைகள் கடல் கடந்து இங்கே வந்தது எப்படி? கிராம்பின் கதை ஓரளவு தெளிவாகத் தெரியும். கிராம்பும் ஜாதிக்காயும் முதலில் இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளுக்கே உரியவை; டச்சுக்காரர்கள் அந்த வணிகத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள், வேறு எங்கும் யாரும் முளைக்கவைத்துவிடக் கூடாது என்று. உண்மையில் அவ்வளவு பாடு தேவையே இல்லை. சந்தைக்குப் போகுமளவுக்குக் காய்ந்த ஜாதிக்காய் எப்படியும் முளைக்காது. 1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியதும், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார். 1800ஐ ஒட்டி, இந்தியாவில் கிராம்பு முதன்முதலில் ஊன்றப்பட்டது கம்பெனியின் குற்றாலம் வாசனைத் தோட்டத்தில்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்துக் கடல் தாண்டும் வித்தை அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. அது வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. உப்புக்காற்றிலும் கப்பல் தளத்து வெயிலிலும், அளந்து கொடுக்கும் குடிதண்ணீரில் ஒரு பங்கைப் பெற்றுப் பிழைத்த கன்றுகள்தான் இந்தச் சரிவுக்கு வந்து சேர்ந்தன. பிறகு இங்கிருந்து நீலகிரிச் சரிவுக்கும் நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்கும் கிராம்பு பரவியது. இன்று நம் பிரியாணியில் கடிபடும் கிராம்பில் குமரி மாவட்டத்து மலைக் கிராம்பும் உண்டு. அதன் வேரைத் தேடிப் போனால் குற்றாலத்தில் வந்து நிற்கும்.

வந்த கன்றுகள் ஏன் நிலைத்தன என்று யோசிக்கும்போதுதான் எனக்கு உண்மையான வியப்பு தொடங்குகிறது. அவை அந்நிய மண்ணுக்கு வரவில்லை. சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இங்கே குடியிருந்தார்கள்.

கிராம்பு எந்தப் பேரினமோ அதே பேரினம்தான் நம் நாவல். குற்றாலத்தின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு காட்டு மரமும் அதே பேரினத்தில் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் அதன் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஜாதிக்காயின் உறவு காட்டு ஜாதிக்காய். ஆரியங்காவைத் தாண்டித் தென்மலை, குளத்துப்புழை பக்கம் போனால், ஓடையோரச் சேற்றுக்குள் முட்டி மடக்கியதுபோல வேர்களை மேலே நீட்டிக்கொண்டு காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் சதுப்புகளைக் காணலாம். மங்குஸ்தானின் உறவு, மலையாளத்து மீன்குழம்பில் புளிப்பு ஏற்றும் குடம்புளி. ரம்புட்டான் குடும்பத்தில் லாங்கன் என்றொரு சிறு பழம் உண்டு; சீனாவில் தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்கள். அதன் காட்டு வடிவம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாகவே வளர்கிறது.

துரியனுக்கும் உறவு இருக்கிறது. வெடிப்பலா என்று சொல்லப்படும் அந்தப் பெருமரம் களக்காடு, முண்டந்துறைக் காடுகளின் மேட்டுப் பகுதிகளில் நிறைந்து நிற்கிறது. துரியனைப்போலவே முள் போர்த்த காய், துரியனைப்போலவே கிளையிலேயே கொத்துக் கொத்தாகப் பூ. உள்ளே மட்டும் துரியனின் அந்த வெண்ணெய்ச் சதை கிடையாது. மனிதர்களுக்கு அதனால் அது பயன்படாமல் போயிற்று, சோலைமந்திக்கு அப்படி இல்லை. சிங்கவால் குரங்கு என்று நாம் சொல்லும் அந்த அரிய விலங்குக்கு வெடிப்பலாவின் பூவும் கொட்டையும் முக்கிய உணவு. கோடை முற்றிக் காட்டில் பழம் குறையும் நாட்களில் பல விலங்குகளுக்கு அந்தப் பூக்களின் சதைதான் சாப்பாடு.

இத்தனை உறவு தற்செயலாக அமைந்ததல்ல. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு முட்டியபோது, இந்த நிலத்தில் பெரும்பகுதி ஈரக்காடாக இருந்தது. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தக் காலத்து மரப்பிசின் உறைந்து அம்பராகக் கிடைத்திருக்கிறது. இன்று தென்கிழக்காசிய மழைக்காடுகளில் கோலோச்சும் ஒரு மரக்குடும்பத்தின் பிசின் அது. நிலம் இணைந்த பிறகு இங்கிருந்து சில அங்கே போயின, அங்கிருந்து சில இங்கே வந்தன. பின்னர் தட்பவெப்பம் மாறி, நடு இந்தியா வறண்டு, ஈரக்காடு தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வடகிழக்கிலும் ஒதுங்கிக்கொண்டது. அப்படி ஒதுங்கிய துண்டுகளில் ஒன்றின் கிழக்கு ஓரத்தில் நின்றுதான் நாம் ரம்புட்டான் உரிக்கிறோம்.

காயாத காட்டிலிருந்து உலகத்துக்குப் போன பொருள்கள் எவை என்று பாருங்கள். மிளகு, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. மழைக்காட்டின் விளைச்சலில் காயவைத்தாலும் குணம் கெடாதவை இவைதான். விதையின் உயிர் போய்விடும், எண்ணெயும் காரமும் மணமும் தங்கிவிடும். ஓயாத ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் எப்போதும் தாக்கிக்கொண்டிருக்கும் காட்டில், மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்த வேதிப்பொருள்கள் அவை. பல்வலிக்குக் கிராம்பு வைக்கும்போது நாம் கடன் வாங்குவது அந்த மரத்தின் தற்காப்பைத்தான். உலக வரலாற்றைப் புரட்டிப்போட்ட வாசனைத் திரவிய வணிகம் முழுவதும், காயவைத்துக் கப்பலேற்ற முடிந்த மழைக்காட்டின் வணிகம். மங்குஸ்தானைக் கப்பலேற்ற முடியவில்லை. அதைச் சாப்பிட வேண்டுமானால் மனிதன்தான் மரத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

இவற்றில் மிளகும் ஏலமும் நம் மலைக்கே சொந்தம். காட்டு மிளகுக்கொடியில் பெரும்பாலும் ஆண் தனி, பெண் தனி. தோட்டத்து மிளகில் இரண்டும் ஒரே சரத்தில் இருக்கும். பருவமழை தொட்டதும் கொடியில் சரம் இறங்கும். சாரல் துளி அந்தச் சரத்தின் வழியே வழியும்போது மகரந்தத்தையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது, காய் பிடிக்க அதுவும் ஒரு துணை. பூச்சியும் காற்றும் செய்கிற வேலையில் மழையும் பங்கெடுக்கும் செடிகள் மிகச் சிலவே. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில், வாழை இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் சால்னா ஊற்றிக்கொண்டு பெப்பர் சிக்கனோ காடையோ கேட்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழகத்தோடு சேரும்வரை, திருவிதாங்கூர் எல்லை அந்தப் பக்கமாக ஓடியது. எல்லை போய்விட்டது, பார்டர் என்ற பெயரும் பரோட்டாவும் நிலைத்துவிட்டன. அங்கே மைதா வடக்கேயிருந்து வந்தது, மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிளகுதான் மண்ணின் மைந்தன்.

துரியனின் வாடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் துரியன் விற்கும் பழக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தாதவர் குறைவு. கந்தகம் கலந்த ஆவியாகும் சேர்மங்கள்தான் அந்த வாடை. 2017இல் துரியனின் மரபணுத் தொகுதியை முழுவதும் வாசித்தபோது, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை உடைத்துக் கந்தகச் சேர்மங்களாக்கும் மரபணு அதில் வழக்கத்தைவிட அதிகப் படிகளில் இருப்பது தெரிந்தது. அடர்ந்த காட்டில், தொலைவில் திரியும் விலங்குகளை இருட்டிலும் பழத்துக்கு அழைத்துவரும் ஏற்பாடு அது. பூவும் இரவில்தான் விரியும், வௌவால்கள் வந்து தேன் குடித்து மகரந்தம் சுமக்கும். குற்றாலத்தில் துரியனைக் கிலோ பல நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களில் பலர் ருசிக்காக வாங்குவதில்லை, குழந்தை வரம் தரும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் துரியன் மலட்டுத்தன்மையைப் போக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. மாவும் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த நல்ல பழம் அது, அவ்வளவுதான். மருத்துவரிடம் போக வேண்டிய நாட்களை யாரும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி இங்குள்ள விடுதிகளின் சாப்பாட்டுக்கு வருகிறேன். குற்றாலத்துக்கு விருந்து என்பது புதிதல்ல. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து தங்கிப் போனார்கள்; இலக்கியப் பேச்சும் சாப்பாடும் ஒரே பந்தியில் நடந்தன. இன்று மலையடிவாரத்தில் தோட்டங்களுக்குள் விடுதிகள் பெருகிவிட்டன. சன்னலைத் திறந்தால் ஜாதிக்காய் மரம் தெரிகிறது. காலைச் சாப்பாட்டு மேசையிலோ வெளிநாட்டு ஆப்பிளும் தர்பூசணித் துண்டுகளும் பெட்டிச் சாறும் இருக்கின்றன. எனக்கு இது வருத்தமான காட்சி. ஆப்பிளை எந்த ஊரிலும் தின்னலாம், மாதக்கணக்கில் குளிரறையில் இருந்தாலும் அது தாங்கும். மங்குஸ்தான் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே, அடிபட்ட இடத்தில் தோல் மரத்தைப்போல இறுகத் தொடங்கும். கடுங்குளிரில் வைத்தாலும் அதே கதி. ரம்புட்டானைப் பறித்த பிறகு அது மேலும் பழுக்காது. மேலே உள்ள முடிகளின் வழியே ஈரம் போய், இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். இந்தப் பழங்களின் நல்ல வடிவம் மரத்துக்குப் பக்கத்தில் மட்டுமே கிடைக்கும். அந்த மரத்தின் நிழலிலேயே மேசை போட்டிருப்பவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

மழைக்காட்டு விடுதியின் நல்ல சாப்பாட்டுக்குப் பெரிய சமையல் கலை தேவையில்லை. மணலில் புதைத்தெடுத்த பலாக்கொட்டை போட்ட அவியல், பச்சை மிளகுச் சரத்தைத் தட்டிப்போட்ட கோழிக்குழம்பு, ஜாதிக்காயின் மேல்தோலில் போட்ட ஊறுகாய், புளியங்குடி எலுமிச்சையில் பிழிந்த சாறு. பக்கத்துச் சமவெளியிலிருந்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கடைசியில் அன்று காலை பறித்த மங்குஸ்தான். காயும் நிலமும் காயாத நிலமும் ஒரே இலையில் வந்துவிடும். இந்தியாவில் இதை இவ்வளவு சுருக்கமான தூரத்துக்குள் செய்துகாட்டக் கூடிய ஊர்கள் அதிகமில்லை. விடுதிக்காரர்கள் செய்ய வேண்டும், தங்குகிறவர்கள் கேட்க வேண்டும். கேட்காதவரை ஆப்பிள்தான் வரும்.

அடுத்த சாரலுக்குப் போகிறவர்களுக்கு: மங்குஸ்தான் வாங்கும்போது தோலை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சற்று அமுங்கினால் நல்லது, கல்லாக இருந்தால் வேண்டாம். காம்பும் அதைச் சுற்றிய இதழும் பச்சையாக இருக்க வேண்டும். தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது. கொட்டையை ஊருக்கு எடுத்துப்போய் நட ஆசையிருந்தால், சதையைக் கழுவிவிட்டு ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். போன அன்றே நிழலில், ஈர மண்ணில் ஊன்றுங்கள். முளைக்கும். அது முதல் பழம் தர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும், அதுவும் ஆண்டு முழுவதும் ஈரம் கிடைத்தால்.